படகுக்கு அடியில் இரண்டு கால்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படகுக்குள் கிடைத்தது. படகு தண்ணீரில் இல்லை. காட்டுப் பாதையில் இருந்தது, அதுவும் கவிழ்ந்து. கதை கிடைத்தபோது என் தலை படகுக்குள்ளும் கால்கள் வெளியிலும் இருந்தன. இதைக் கொஞ்சம் பொறுத்து விளக்குகிறேன். இப்போதே சொல்லிவிட்டால் ஐந்தாம் பகுதியில் எனக்கு வேலை இருக்காது.

முதலில் ஓர் ஆரம்பம் வேண்டும். எழுதிப் பார்த்தது:

"கரண்டி ஏரியின்மேல் பனிப்புகை படர்ந்திருந்தது. எங்கோ ஒரு நீர்ப்பறவை தன் இணையை

வேண்டாம். ஏரி என்றால் பனிப்புகை, பனிப்புகை என்றால் பறவை, பறவை என்றால் இணை. இப்படியே விட்டால் அடுத்த பக்கத்தில் நிலா வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"கேட்டே விடுவது என்று ஐலா முடிவு செய்தபோது கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். ஓட்ஸ் கஞ்சி. அவள் முடிவு செய்து முடிப்பதற்குள் அடிப்பிடித்துவிட்டது.

2

ஐலா என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. படகுக் கதை எழுத உட்கார்ந்த தமிழன் கதாநாயகிக்கு ஐலா என்று பெயர் வைத்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். கதாநாயகன் பெயர் ஏலேலோவா என்பீர்கள். சத்தியமாக நான் வைத்ததில்லை. அவளைப் பெற்றவர்கள் பின்லாந்திலிருந்து வந்து தண்டர் பே என்ற ஊரில் குடியேறியவர்கள். அந்த ஊரில் இந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. மாற்றியும் பார்த்தேன். 'ஹில்கா' என்று வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஹில்கா துடுப்பைத் தொடவே மாட்டேன் என்று கரையில் நின்றுவிட்டாள். போகட்டும், ஐலாவே இருக்கட்டும்.

ஐலா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கார்னெட் அதே பள்ளியில் பிள்ளைகளுக்கு டிரம்பெட் ஊதச் சொல்லிக்கொடுத்தவன். அவன் மனைவி இறந்து ரொம்ப காலமாகிறது. இவள் கணவன் இறக்கவில்லை, இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போனான். இவர்களோடு லூசியன், அவன் மனைவி கொரீன். நான்கு பேரும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் இரண்டு கனூப் படகுகளில் கூடாரம், சட்டி, மாவு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ரோடே இல்லாத ஏரிகளுக்குள் ஒரு வாரம் காணாமல் போவார்கள். லூசியனும் கொரீனும் ஒரு படகு. ஐலாவும் கார்னெட்டும் ஒரு படகு. அது எப்போது, யார் முடிவு செய்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த வருஷம் படகை இறக்கும்போது கார்னெட் போகிற போக்கில் ஒன்று சொன்னான்.

"ஹாலிபாக்ஸ்ல என் பொண்ணு கராஜுக்கு மேல எனக்குன்னு ஒரு ரூம் கட்டிட்டா. வந்துடுப்பா, வந்துடுப்பாங்கறா. இந்த ட்ரிப் முடிஞ்சு திரும்பினதும் பதில் சொல்றேன்னிருக்கேன்."

"நல்லதுதானே," என்றாள் ஐலா.

சொன்ன வாயை அவளே அறைய வேண்டும்போல் இருந்தது. ஹாலிபாக்ஸ் நாட்டின் மறுகோடியில், கடலோரத்தில் இருக்கிறது. அங்கே போனவன் ஆகஸ்டுக்கு ஆகஸ்டு வருவானா? முதல் வருஷம் வருவான். அடுத்த வருஷம் முழங்கால் வலி என்பான். அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். போகாதே, என்னோடு இரு என்று அவள் கேட்க வேண்டும். அவனுக்குப் பதில் யோசிக்க ஒரு வாரம் இருந்தது. அவளுக்குக் கேள்வி கேட்கவும் அதே ஒரு வாரம்தான்.

3

(கதை இங்கே கொஞ்சம் நிற்கும். படகைத் தெரியாமல் இந்தக் கதை புரியாது.)

கனூவில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக, ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டும். எங்கள் கடற்கரையில் படகின் முன்பக்கத்தை அணியம் என்போம், பின்பக்கத்தை அமரம் என்போம். அமரத்தில் இருப்பவர் திசை பிடிப்பார். அணியத்தில் இருப்பவர் சும்மா துடுப்புப் போட்டு இழுக்க வேண்டியதுதான். ஐலா வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவள், அமரத்தைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டாள். ஆகவே கார்னெட் அணியத்தில். ஆகவே எத்தனையோ ஆகஸ்டுகளாக அவள் பார்த்ததெல்லாம் அவன் முதுகு.

ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் தோள் கழன்றுவிடும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அமரத்திலிருந்து ஒரு குரல் வரும். உடனே இருவரும் துடுப்பை மறுபக்கம் மாற்றிக்கொள்வார்கள். இங்கே அதற்கு 'ஹட்' என்று கத்துவார்கள். என் காதுக்கு அது நாயை விரட்டுவதுபோல் இருப்பதால், இந்தக் கதை முழுக்க அதை 'மாத்து' என்றே எழுதப்போகிறேன்.*

(* மாத்து என்றதும் உங்களுக்கு மாலை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. அவர்களுக்கு வராது. அவர்கள் கல்யாணத்தில் மோதிரம்தான். மாலையும் கிடையாது, நம்மைப்போல் மூன்று தடவை மாற்றுவதும் கிடையாது.)

மாத்து சொல்வது அமரத்தின் உரிமை. அணியத்தில் இருப்பவர் கை ஒடிந்தாலும் அதைச் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதிலாகப் பையன் மணியடித்த மாதிரி ஆகிவிடும். மற்றவர்கள் இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கார்னெட் எடுத்துக்கொள்வான்.

4

[கார்னெட் மேல் எனக்கு ஒரு சந்தேகம். கதை பாதி வந்தும் அவன் ஒன்றும் செய்யவில்லை. ஐலாவுக்கு இந்த ஆளிடம் என்ன பிடித்திருக்கிறது? அணிலுக்கு ஸரிகம சீட்டியடிக்கிறான். காபியில் ஈ விழுந்தால் ஈயை எடுத்து, "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்கிறான். அடித்து எழுதிவிடலாமா என்று பார்த்தேன். அப்புறம் அந்த மான் சமாச்சாரம் ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் கரையோரம் பெரிய கொம்புமான் ஒன்று கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அல்லித்தண்டு தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே வந்த ஐலா மாத்து சொல்ல மறந்துபோனாள். ஏரி முடிகிற வரைக்கும் கார்னெட் ஒரே பக்கம் போட்டுக்கொண்டே வந்தான். கரையில் இறங்கியபோது அவனால் கையைத் தூக்கித் தொப்பியைக் கழற்ற முடியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். "அது உன் வார்த்தை," என்றானாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் கார்னெட்.]

கஞ்சி அடிப்பிடித்த காலையில் ஐலாவும் கொரீனும் சட்டி தேய்த்தார்கள். கொரீனுக்கு எல்லாம் தெரியும். ஐலா சொல்லவில்லை, இவளே கண்டுபிடித்தது.

"இன்னிக்காவது கேப்பியா?"

"எங்கடி கேக்கறது? படகுல கேட்டா முதுகுகிட்டதான் கேக்கணும்."

"முதுகுகிட்டயே கேளேன். முதுகு கடிக்குமா?"

"மாட்டேன்னுட்டா? ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த முதுகுக்குப் பின்னாலதானே உக்காந்திருக்கணும்."

கொரீன் மணலைப் போட்டுத் தேய்த்தபடி யோசித்தாள். "வாஸ்தவம்தான். நானும் லூசியன் முதுகைப் பார்த்து என்னென்னவோ நினைச்சிருக்கேன். கையில துடுப்பு வேற இருக்கும்."

ஐலா சிரித்துச் சிரித்துச் சட்டியைத் தண்ணீரில் விட்டாள். அதைப் பிடிக்க இருவரும் துணியோடு இறங்க வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் வாய்ப்பு வந்தது. கார்னெட் பாறையில் உட்கார்ந்து ரொட்டிமாவு பிசைந்துகொண்டிருந்தான். ஐலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "கார்னெட், உன்கிட்ட ஒண்ணு

"பாருங்க, பாருங்க," என்று லூசியன் ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என் முழங்கை நீளம்."

"உன் முழங்கை எப்பலேருந்து இவ்ளோ குட்டையாச்சு?" என்றான் கார்னெட்.

பிறகு மீனைப் பற்றி மட்டும்தான் பேச்சு. மறுநாள் அவள் ஆரம்பித்தபோது மழை வந்தது. அதற்கு மறுநாள் மழை இல்லை, கொசு இருந்தது. வாயைத் திறந்தால் வார்த்தை வெளியே வருவதற்குள் கொசு உள்ளே போயிற்று. (இதை நான் மிகைப்படுத்தவில்லை. ஆகஸ்டில் வந்து பாருங்கள்.)

கடைசியில் கொரீன்தான் வழி சொன்னாள். "நாளைக்கு நீளப் பாதை இருக்குல்ல. அவன் தலையில படகு இருக்கும். அவனால உன்னைப் பார்க்க முடியாது, உன்னால அவனைப் பார்க்க முடியாது. ஓடவும் முடியாது. அங்க கேளு."

5

ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி வரும்வரை படகையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும். படகைக் கவிழ்த்து, நடுக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டால், தூக்குகிறவனுக்குத் தன் பூட்ஸுக்கு முன்னால் நான்கடி மண்தான் தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு இரண்டு கால் முளைத்த படகுதான் தெரியும்.

ஐலா முதல் மூட்டையை அக்கரையில் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். பாதை வளைவில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஒரு பச்சைப் படகு ஆடி ஆடி வந்தது. அடியில் சாம்பல் நிறக் கால்சட்டை, சாக்ஸுக்குள் செருகியது. சேறு படிந்த பூட்ஸ்.

இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று நினைத்தாள். ஒதுங்கி வழிவிட்டு, படகுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

"நிக்காத. நீ பாட்டுக்கு நட. நடந்துக்கிட்டே கேளு," என்றாள்.

"ம்," என்றது படகு.

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கால்கள் என்னுடையவை.

நானும் என் கூட்டாளியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் படகும் பச்சை. இந்த வட்டாரத்தில் பாதிப் படகு பச்சை. கொசுவுக்குப் பயந்தவர் எல்லோரும் சாம்பல் கால்சட்டைதான். வழியில் ஓரமாக இன்னொரு பச்சைப் படகை மரத்தில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஆளைக் காணோம். புதருக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம் வந்தது, ஸரிகம. ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்துத் தாண்டி வந்துவிட்டேன். என் கூட்டாளி இன்னும் பின்னால் எங்கோ புளூபெரி தின்றுகொண்டிருந்தான்.

ஏன் வாயைத் திறந்து "அம்மா, நான் வேற ஆளு" என்று சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலாவது, மூச்சு இல்லை. ஏறுமேடு. இரண்டாவது, யாராவது கதை சொன்னால் 'ம்' கொட்டுவது நம் ரத்தத்தில் ஊறியது. முப்பது பனிக்காலம் இங்கே கழித்தும் அது போகவில்லை. மூன்றாவது, இது புரிந்தபோது அவள் பாதிக்கு மேல் சொல்லியிருந்தாள். அதன் பிறகு நிறுத்துவதற்கு உங்களுக்கு மனசு வந்திருக்குமா?

"ஹாலிபாக்ஸ்ல உனக்கு என்ன இருக்கு சொல்லு. கராஜுக்கு மேல ரூம். கீழ காரு. நீ டிரம்பெட் எடுத்தா உன் மருமகன் டிவி சத்தத்தைக் கூட்டுவான்."

"ம்."

"உன் முதுகு எனக்கு மனப்பாடம், கார்னெட். கோபம் வந்தா இடது தோள் மட்டும் ஏறும். சிரிச்சா ரெண்டும் குலுங்கும். நீ அழுதுகூட இருக்க, உங்கக்கா செத்த வருஷம். பின்னாலேருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணும் கேக்கல. மாத்து, மாத்துன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன். அது ஒண்ணுதான் சொல்லத் தெரிஞ்சுது."

நான் 'ம்' சொல்லவில்லை.

"மிச்ச காலத்துக்கு மூஞ்சியையும் பார்த்துட்டுப் போலாம்னு ஒரு ஆசை. என் வீட்டுக்கு வந்துடு. கல்யாணம் வேணும்னா கல்யாணம், வேண்டாம்னா சும்மாவே வா. பின்னால ஆவிக் குளியலுக்குச் சவுனா இருக்கு. விறகு இருக்கு. ஆவியில ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம். ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யோசிக்காத, ஏற்கெனவே பேசிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லு."

அந்த நேரம் பார்த்து என் பூட்ஸ் ஒரு வேரில் இடித்தது.

"ம்ம்," என்றேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அறுபது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி, கொழகொழ சேற்றில், ரப்பர் பூட்ஸோடு குதித்த சத்தம் அது. பிறகு என் படகின் முதுகில் இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினாள். வெளியே அது எப்படிக் கேட்டதோ, உள்ளே தவில் அடித்த மாதிரி இருந்தது.

6

அக்கரையில் லூசியன் காபி போட்டுக்கொண்டிருந்தான். பாதை முடிவில் ஒரு பச்சைப் படகும் அதன் பின்னால் ஆடிக்கொண்டே ஐலாவும் வருவதைப் பார்த்த கொரீன் கைதட்ட ஆரம்பித்தாள். ஐலா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். நான் படகை இறக்கினேன்.

கொரீனின் கைதட்டல் பாதியில் நின்றது.

"கார்னெட்டுக்கு எப்பய்யா மீசை முளைச்சது?" என்றான் லூசியன்.

ஐலா என்னைப் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கி, பிறகு இரண்டு மடங்காக ஏறியது. "நீங்க யாரு?" என்றாள்.

"நான் ஏற்கெனவே கல்யாணம் ஆனவனுங்க," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஆனா நல்லா கேட்டீங்க. நானா இருந்தா வந்திருப்பேன்."

கொரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று லூசியனுக்கே தெரியவில்லை. ஐலா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். தொப்பிக்குள்ளிருந்து, "கடவுளே, சவுனாவைப் பத்தி வேற சொன்னேனே" என்று கேட்டது.

அப்போதுதான் பாதையிலிருந்து இரண்டாவது பச்சைப் படகு வந்தது. எங்களுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வந்தது என்று எனக்குத் தெரியாது. பத்தடியா, அரை மைலா? கவிழ்த்த படகுக்குள் வெளியிலிருந்து வரும் சத்தம் நன்றாகக் கேட்கும், அது என் அனுபவம். ஆனால் பேச்சு சுவாரசியத்தில் பின்னால் யார் வந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. கார்னெட் படகை இறக்கி வைத்தான். முகம் சிவந்திருந்தது. (சுமை தூக்கினவன் முகம் சிவக்காமல் வேறென்ன செய்யும்?)

"நல்ல பாதை," என்றான். அவ்வளவுதான்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவர்கள் ரொட்டி கொடுத்தார்கள், நான் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தேன். மான் கதையெல்லாம் அப்போது கேட்டதுதான். கார்னெட் ஊறுகாயை ஜாம் என்று நினைத்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். அவன் கண்ணில் நீர் வழிந்தது. அதை வைத்தும் ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. இப்படி ஒரு சாட்சியத்தையும் உருப்படியாக விடாத கதையை நான் எழுதியதே இல்லை.

கார்னெட் வாய் கொப்பளிக்கப் போனபோது கொரீன் கிசுகிசுத்தாள். "இன்னொரு தடவை கேளுடி."

"முடியாது. இருந்ததெல்லாம் அந்தாளுகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ஐலா என்னைக் காட்டி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ரொட்டியை விண்டு விண்டு எறும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அந்த 'ம்ம்' அவளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்த சம்மதம். அதை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

7

முடிவு. எழுதிப் பார்த்தவை:

(அ) ஆறு மாதம் கழித்து, சவுனாவில், ஆவி மண்டிய

இல்லை. ஆவி மண்டினால் முகம் தெரியாது. அவள் முகம் பார்க்கத்தானே கேட்டாள்?

(ஆ) ஹாலிபாக்ஸ் ரயில் நிலையத்தில் கார்னெட் டிரம்பெட் பெட்டியோடு

இதை எழுதும்போது பேனாவை என் மனைவி பிடுங்கிவிட்டாள். மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டாள்.

ஆகவே நான் கரையில் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

அவர்கள் கிளம்பினார்கள். கார்னெட் அணியத்தில் ஏறினான், ஐலா அமரத்தில். காற்று இல்லை. ஏரியில் காற்று இல்லாவிட்டால் அக்கரையில் தும்மினால் இக்கரையில் கேட்கும். இருவரும் துடுப்புப் போட்டார்கள், அவன் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். போய்க்கொண்டே இருந்தார்கள். ஐலா மாத்து சொல்லவில்லை. ஒரு பாறையைத் தாண்டினார்கள், இன்னொரு பாறையைத் தாண்டினார்கள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தையும் போய்விட்டது போலிருந்தது. அணியத்தில் இருப்பவனுக்கு இந்நேரம் தோள் கழன்றிருக்கும். ஆனால் அவன் சொல்ல மாட்டான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாத்து."

அமரத்திலிருந்து வரவில்லை. அது ஓர் ஆண்குரல். ஐலாவின் துடுப்பு அந்தரத்தில் நின்றது. துடுப்பிலிருந்து நீர் சொட்டியது எனக்குத் தெரிந்தது. பிறகு மாற்றினாள். அவனும் மாற்றினான்.

இரண்டு இழுப்புகூட ஆகவில்லை. "மாத்து," என்றான் திரும்பவும். தேவையே இல்லை. மாற்றினார்கள். படகு கோணலாகத் திரும்பியது.

"டேய், உனக்குக் கை உடைஞ்சுதா, புத்தி உடைஞ்சுதா?" என்று லூசியன் அடுத்த படகிலிருந்து கத்தினான்.

கார்னெட்டின் இரண்டு தோளும் குலுங்கின. அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

"மாத்து," என்றான், மூன்றாவது தடவையாக.

ஏரி முழுக்க ஐலாவின் சிரிப்பு கேட்டது. அதற்குள் ஒரு தீவு குறுக்கே வந்து அவர்களை மறைத்துவிட்டது.

அவன் சொன்னது 'ஹட்'தான். அவர்கள் மொழியில் அதற்குத் துடுப்பை மறுபக்கம் போடு என்பதற்குமேல் அர்த்தமில்லை. தோள் வலித்திருக்கலாம். ஊறுகாய் தலைக்கேறியிருக்கலாம். மாலையை உள்ளே செருகியவன் நான். ஆனால் மூன்று தடவை சொன்னது அவன். அதை நான் சேர்க்கவில்லை.

இவ்வளவு நேரம் நான் அணியத்தில் உட்கார்ந்து இழுத்து வந்திருக்கிறேன். நீங்கள் என் முதுகைப் பார்த்தீர்கள், உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. திசை பிடிப்பது உங்கள் வேலை. காட்டுப் பாதையில் அவள் கேட்டது கார்னெட்டின் காதில் விழுந்ததா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். தயவுசெய்து வெறுமனே 'ம்' கொட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அதை நம்பி ஒருத்தி ஏற்கெனவே சேற்றில் ஆடிவிட்டாள்.